அம்மா தட்டு

மார்ச் 3, திங்கள்

இந்த டைரி ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்தது. ஜனவரியில் வாசலில் வந்து நின்று, "டாக்டர் குற்றாலநாதன் இருக்காங்களா?" என்று கேட்டார். என் பிள்ளை போன ஆடியில் இறந்துவிட்டான் என்றேன். நான்குவழிச் சாலையில், லாரி என்றும் சேர்த்தே சொன்னேன். அடுத்து அதைத்தானே கேட்பார்கள். பாவம் அந்த மனுஷன், வெலவெலத்துப்போய்க் கையில் இருந்ததை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மாத்திரையின் பெயர் அச்சடித்திருக்கிறது. இன்றைய பக்கத்தில் நெஞ்செரிச்சல் மாத்திரை.

கல்லூரி ஆபீசில் காலமெல்லாம் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள் நான். நல்ல தாள் வீணாகப் போனால் எனக்குப் பொறுக்காது. அதனால் எழுதுகிறேன், வேறு காரணம் ஒன்றும் இல்லை.

இன்று சிலிண்டர் வந்தது. தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர். இவர் வழக்கம்போல, "சாப்பிட்டியா உலகு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாப்பிட்டேன் என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

இவருடைய அக்கா பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்தார். வந்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"ஆடியில முதல் வருசத் திதி வருதுல்லா. இலையில பிள்ளைக்குப் பிடிச்சதை வைக்கணும். நாதனுக்கு ரொம்பப் பிடிச்சது எது உலகு?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில், "சொதி, மதினி" என்றேன்.

தேங்காய்ப்பாலில் செய்கிற சொதி எங்கள் சைவப் பிள்ளைமார் வீடுகளில் நாய்க்குட்டிக்குக்கூடப் பிடிக்கும். அதைச் சொல்லப் பெற்றவள் எதற்கு?

பள்ளிக்கூடம் முடித்த கையோடு சீனாவில் செங்டுவுக்கு டாக்டர் படிக்கப் போனவன். ஆறு வருஷம் அங்கே. வந்த பிறகு நான் வைத்ததைத் தின்றான், இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்டதில்லை. அங்கே என்ன தின்றான்? தினமும் வீசாட்டில், அதான் சீனாக்காரர்களின் வாட்சாப்பில், கேட்பேன்: சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட? அவன் தட்டைப் படம் எடுத்து அனுப்புவான். நான் "நல்லாச் சாப்பிடு" என்று போடுவேன். எங்கள் பேச்சு பெரும்பாலும் அவ்வளவுதான். அத்தனை படமும் சைவம். கறியைத் தொடமாட்டேன் என்று கொடுத்த வாக்கைப் பிள்ளை காப்பாற்றிவிட்டான் என்று ஆபீஸ் முழுக்கக் காட்டிப் பீற்றியிருக்கிறேன்.

மார்ச் 10, திங்கள்

படங்களை எல்லாம் பார்த்தேன். தீக்குச்சி மாதிரி சீவி வதக்கிய உருளைக்கிழங்கு. கறுப்புக் காளான். பளபளவென்று ஒரு கத்தரிக்காய். பெயர் தெரியாத கீரைகள். பார்க்கப் பார்க்க எனக்கு எதுவுமே தோன்றவில்லை, பசிகூட. இதில் ஒன்றைக்கூட நான் வாயில் வைத்ததில்லை என்பது மட்டும் தெரிந்தது.

போய்த் தின்று பார்த்துவிட வேண்டியதுதான்.

மார்ச் 13, வியாழன்

காட்வினிடம் பேசினேன். நாசரேத்துக்காரப் பிள்ளை, நாதனோடு ஒரே அறையில் இருந்து படித்தவன். டாக்டர் தேர்வு கைகூடவில்லை. அங்கேயே தங்கி, இங்கிருந்து வருகிறவர்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்து கொடுக்கிறான்.

"எனக்கு மட்டும் தனியா ஒரு டூர் போட்டுக் கொடு. பெருஞ்சுவர், பொம்மைப் படை ஒண்ணும் வேண்டாம். நாதன் சாப்பிட்ட கடை மட்டும் போதும்."

அவன் அவசரமாக மறுத்தான்.

"ஆன்ட்டி, அதெல்லாம் சின்னச் சின்னக் கடை. உங்களுக்குச் சரிவராது. நான் நல்ல சைவ ஓட்டலா, கோயில் ஓட்டலாப் பார்த்துப் போடுதேன்."

"கோயில் ஓட்டல்ல தின்னவா நான் அவ்வளவு தூரம் வாரேன்? படம் எல்லாம் அனுப்புதேன். எந்தப் படம் எந்தக் கடைன்னு சொல்லு."

சரி ஆன்ட்டி என்றான். குரலில் சுரத்தே இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார்.

"சீனாவுக்கா? நீயா? பக்கத்துல இருக்கிற குத்தாலத்துக்கே கூப்பிட்டா வரமாட்ட."

"நீங்களும் வாங்க அத்தான்."

"என்னால அங்கெல்லாம் போய்ப் பார்க்க முடியாது உலகு. முட்டி வலி வேற." முட்டியைத் தடவிக் காட்டினார். முட்டிவலி உண்மைதான். பிறகு சொன்னார், "போயிட்டு வா. ஒண்ணே ஒண்ணு. ஒவ்வொரு வேளையும் என்ன சாப்பிட்டன்னு எனக்குப் போட்டோ அனுப்பணும். இங்கயே நீ சரியாச் சாப்பிட மாட்டேங்க."

நன்றாகத்தான் சாப்பிடுகிறேன். இவருக்கு எல்லாவற்றிலும் சந்தேகம்.

ஜாக்கெட் எல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது. இப்போது வருகிற துணியே தரமில்லை. பிடித்துத் தைக்கக் கொடுத்திருக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

காட்வின் திட்டம் அனுப்பினான். முதலில் குவாங்சோ, அடுத்து செங்டு, ரயிலில் சோங்சிங், கடைசியில் சியான். நாதன் லீவுக்குச் சுற்றிய ஊர்கள்தான். ஊர் சரி. கடைகள்தான் சரியில்லை. நான் அனுப்பிய படத்துக்கும் அவன் எழுதியிருக்கிற கடைக்கும் சம்பந்தமே இல்லை. எல்லாம் சைவ பஃபே.

"ஏம்ப்பா, அந்தக் கீரைப் படத்துல பின்னாடி சிவப்பு போர்டு தெரியுது பாரு. அந்தக் கடையைப் போடு."

"அங்க வெஜ் கிடைக்காது ஆன்ட்டி."

"கிடைக்காதா? அப்ப படத்துல இருக்கிறது என்ன, மண்ணா?"

"இப்ப மெனுவை மாத்திட்டாங்க."

கத்தரிக்காய்க் கடையைக் கேட்டால் இடித்துவிட்டார்கள் என்கிறான். காளான் கடைக்காரர் ஊரைவிட்டுப் போய்விட்டாராம். அந்த ஊரில் சைவமாகச் சமைத்த அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் என்ன கேடு வந்தது? பிள்ளை சோம்பேறியாகிவிட்டான். தெரிந்த இடத்துக்கே வண்டியை ஓட்டப் பார்க்கிறான்.

ஏப்ரல் 2, புதன்

மோட்டார்.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. துக்க வீடு, கொண்டாட்டம் கிடையாது. சாயங்காலம் இவருக்குச் சப்பாத்தியும் குருமாவும் செய்தேன்.

நாதன் சீனாவிலிருந்து வந்த பிறகு சப்பாத்தியை நம்மைப் போலத் தொட்டுத் தின்னவே மாட்டான். உட்கார்ந்து பொடிப் பொடியாகப் பிய்ப்பான். கிண்ணம் நிறையப் பிய்த்துப் போட்டு, மேலே குருமாவை நிறைய ஊற்றச் சொல்லுவான். குருமாவில் தண்ணீரைக் கூட விடு என்று வேறு சொல்லுவான். "என்னல இது, காக்காய்க்கு வைக்கப் போறியா?" என்று திட்டுவேன். "இப்படித்தாம்மா நல்லாருக்கு" என்பான். டிவியைப் பார்த்துக்கொண்டே பிய்ப்பான். கடுப்பாக வரும்.

ஏன் இதை எழுதுகிறேன் என்று தெரியவில்லை. சப்பாத்தி மீந்துவிட்டது.

ஏப்ரல் 23, புதன்

காட்வினை இன்று விடவில்லை. வீடியோவில் பிடித்து உட்கார வைத்தேன். ஒரு படத்தை எடுத்துக்கொண்டேன். உருளைக்கிழங்குத் தட்டு. ஓரத்தில் ஒரு பெரிய கிண்ணத்தின் விளிம்பு தெரிகிறது. அந்தப் பக்கம் யாருடைய கையோ, சாப்பிடுகிற குச்சியைப் பிடித்திருக்கிறது.

"இது எந்தக் கடை? இடிச்சுட்டாங்க, ஓடிட்டாங்கன்னு சொன்ன, நான் சும்மா இருக்கமாட்டேன்."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "ஆன்ட்டி, ஒண்ணு சொன்னாக் கோவப்படமாட்டீங்களே?"

"கோவப்படுவேன். சொல்லு."

"அது அம்மா தட்டு ஆன்ட்டி."

எனக்குப் புரியவில்லை. அவனே சொன்னான்.

"நாங்க அதுக்கு அப்படித்தான் பேர் வச்சிருந்தோம். எந்தக் கடைக்குப் போனாலும் நாதன் முதல்ல ஒரு வெஜ் ஆர்டர் பண்ணுவான். உங்களுக்குப் படம் எடுத்து அனுப்புத வரைக்கும் யாரையும் கையை வைக்க விடமாட்டான். அம்மா தட்டு வந்தாச்சா, வந்தாச்சான்னு எல்லாரும் பசியோட உக்காந்திருப்போம். நீங்க 'நல்லாச் சாப்பிடு'ன்னு போடுவீங்கள்லா? அதைச் சத்தமா வாசிப்பான். பெறகுதான் சாப்பிடுவோம்."

"அப்ப அந்தத் தட்டை யாரு தின்னா?"

"அவன்தான் கடைசியில காலி பண்ணுவான். வீணாக்கினா உங்களுக்குப் பிடிக்காதும்பான். ஆனா…"

"இழுக்காம சொல்லு."

"ஆட்டுக்கறிதான் ஆன்ட்டி அவனுக்கு உயிர். நீங்க காட்டுத கடை சியான்ல இருக்கு. லீவு விட்டா ரயில் ஏறிருவான்."

"வேற?"

"வாத்து. மீனு. செங்டுல முயல்."

"முயலா!"

"முயல் தலை ஆன்ட்டி. ஒரே ஒரு தடவைதான்…"

போதும், நிறுத்து என்றேன். அவன் அழுதான். நான் அழவில்லை. "அழாதப்பா, போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 24, வியாழன்

பெட்ஷீட், தலையணை உறை, திரைச்சீலை எல்லாவற்றையும் துவைத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

முயல் தலை!

ஏப்ரல் 27, ஞாயிறு

எனக்குக் கோபம் வந்தது. ஆடிக்குப் பிறகு எனக்கு எதுவுமே சரியாக வந்ததில்லை, அழுகைகூட. இன்று காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சுரீரென்று வந்தது. திருட்டுப் பயலே. ஆறு வருஷம் என் காதில் பூச்சுற்றியிருக்கிறாயே. சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. இவர் வந்து கதவைத் தட்டினார்.

"யாரைத் திட்டுத?"

"மோட்டாரை" என்றேன்.

மத்தியானம் வரைக்கும் அந்தக் கோபம் இருந்தது. நன்றாக இருந்தது. அது போனதும் ஒரு மேசைதான் கண்ணில் நின்றது. சுற்றிலும் பசியோடு பிள்ளைகள், நடுவில் ஆவி பறக்கிற சாப்பாடு, எல்லோரும் நான் பதில் போடட்டும் என்று காத்திருக்கிறார்கள். சில நாள் ஆபீஸ் வேலையில் மறந்து, வெகுநேரம் கழித்துப் பதில் போட்டிருக்கிறேன். அதுவரைக்கும் ஆறிப்போயிருக்குமே.

ஏப்ரல் 28, திங்கள்

காட்வினைக் கூப்பிட்டேன். "அந்தத் திட்டத்தைத் தூக்கிக் குப்பையில போடு. அவன் நெசமாத் தின்ன கடைக்குக் கூட்டிட்டுப் போ."

"நீங்க சாப்பிடுவீங்களா ஆன்ட்டி?"

"அது என் பாடு."

எனக்கே தெரியாது. என் பரம்பரையில் யாரும் முட்டையைக்கூடத் தொட்டதில்லை. ஆனால் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டால் வாயை மூடிக்கொண்டு நிற்கிற அம்மாவாக இன்னொரு தடவை நிற்கமாட்டேன். ஆடிக்குள் தெரிந்தாக வேண்டும்.

காட்வின் ஒரு யோசனை சொன்னான். அங்கே நம் வாட்சாப் எடுக்காது. இவருக்குப் புதிதாக வீசாட் தொடங்குவதும் பெரிய தொல்லை. அலமாரியில் நாதன் சீனாவில் வாங்கிய பழைய போன், அவன் வீசாட்டோடு அப்படியே இருக்கிறது. அதை நான் எடுத்துக்கொள்வது. வீசாட் உள்ள என் போனை இவரிடம் கொடுத்துவிடுவது.

நாதனுடைய போனைச் சார்ஜில் போட்டேன். உயிர் வந்தது. வேறு எதையும் திறந்து பார்க்கவில்லை. பிள்ளையின் போனை நோண்டுகிற பழக்கம் எனக்கு இல்லை.

மே 19, திங்கள்

விசா கிடைத்தது. இவர் பெட்டியில் பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் எல்லாம் அடுக்கிக்கொண்டே கேட்டார்: "எல்லாம் சைவக் கடைதானே உலகு?"

"ஆமா அத்தான்."

பொய் சொன்ன மாதிரியே இல்லை. பையன் எங்கே கற்றுக்கொண்டான் என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஜூன் 8, ஞாயிறு. குவாங்சோ

வந்து சேர்ந்தேன். சிங்கப்பூரில் விமானம் மாறும்போது கொஞ்சம் தடுமாறினேன், அவ்வளவுதான்.

காட்வின் இளைத்திருக்கிறான். அவன் என்னைப் பார்த்து அதையே சொன்னான்.

இங்கே சாப்பிட உட்கார்ந்ததும், வருகிற முதல் தேநீரைக் குடிப்பதில்லை. அதில் கிண்ணத்தையும் குச்சியையும் கழுவிக் கொட்டுகிறார்கள். எச்சில் பார்க்கிற எங்கள் மதினி இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டியவர். ஜன்னலில் முழுசாக வாட்டிய வாத்துகள் தலைகீழாகத் தொங்கின. நாதன் எப்போதும் அதற்கு எதிரே உட்காருவானாம். நானும் அங்கேயே உட்கார்ந்தேன். வாத்து வந்தது. பார்த்தேன். தொடவில்லை. கீரையைத் தின்றேன். இவருக்குக் கீரையைப் படம் எடுத்து அனுப்பினேன்.

ஜூன் 10, செவ்வாய். செங்டு

கல்லூரி வாசல், விடுதி, அவன் துணி காயப்போட்ட ஜன்னல். காட்வின் கையை நீட்டிக் காட்டினான். பார்த்தேன். ஜன்னல்.

அடுப்போடு கொண்டுவந்து வைக்கிற குழம்பு. செக்கச் செவேலென்று மிளகாய் மிதக்கிறது. எல்லோரும் கறியை அதில் முக்கித் தின்றார்கள். நான் தாமரைக்கிழங்கை முக்கினேன். கறி வெந்த குழம்புதானே, அப்போ பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

"இந்த ஊர் மிளகு நாக்கை மரத்துப்போக வைக்கும் ஆன்ட்டி, பயந்துராதீங்க" என்றான் காட்வின்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. பழகினதுதான்.

ஜூன் 12, வியாழன். சோங்சிங்

ஊரா இது, எல்லாம் படிக்கட்டு. இவரைக் கூட்டிக்கொண்டு வராதது நல்லது. மீனைக் குச்சியால் கொஞ்சம் எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோனேன். மனசு வரவில்லை, கீழே வைத்துவிட்டேன். காட்வின் பார்க்காத மாதிரி இருந்தான்.

இன்னும் ஒரு ஊர்தான் பாக்கி.

ஜூன் 14, சனி. சியான்

மத்தியானம் அந்தக் கடைக்குப் போனோம். படத்தில் இருக்கிற அதே மேசை. சுவரில் புகை ஏறியிருக்கிறது. காட்வின் நான் கேட்காமலே முதலில் உருளைக்கிழங்கு சொன்னான், பிறகு ஆட்டுக்கறி சூப்.

அப்புறம் ஆளுக்கு ஒரு வெறும் கிண்ணமும் ஒரு கெட்டி ரொட்டியும் வந்தது. சூப் எங்கே என்று கேட்டேன்.

"ரொட்டியை நாமளே பிய்ச்சுப் போடணும் ஆன்ட்டி. பெறகுதான் கிண்ணத்தை உள்ள வாங்கிட்டுப் போயி, கறியும் குழம்பும் ஊத்திக் கொண்டாருவாங்க. பொடிசாப் பிய்க்கணும், பட்டாணி அளவுக்கு. பெரிசா இருந்தாத் திருப்பி அனுப்பிருவாங்க."

பிய்க்க ஆரம்பித்தேன். சுற்றிலும் எல்லோரும் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். பேசிக்கொண்டே, போனைப் பார்த்துக்கொண்டே பிய்க்கிறார்கள். பக்கத்து மேசையில் ஒரு பையன் டிவியைப் பார்த்துக்கொண்டே பொடிப் பொடியாகப் பிய்த்துக் கிண்ணத்தில் போட்டான்.

என் கை நின்றுவிட்டது.

இப்படித்தாம்மா நல்லாருக்கு.

ஒளித்து எங்கே தின்றான்? என் வீட்டில், என் கண் முன்னால் உட்கார்ந்து, என் சப்பாத்தியிலும் என் குருமாவிலும் இதைத்தானே செய்து செய்து தின்றிருக்கிறான். நான் காக்காய்க்கா என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை. என் பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். நானே ஊற்றியிருக்கிறேன்.

அழுதேன். கடை நடுவில், ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, ஐயோ என் ராசா என்று வாய்விட்டு அழுதேன். ஆடியில் அழ வேண்டியதை எல்லாம் அங்கே அழுதேன். கடைக்காரம்மா ஓடி வந்தாள். காட்வின் ஏதோ சொன்னான். அவள் என் கிண்ணத்தை வாங்கி, மீதி ரொட்டியை அவளே பிய்த்துப் போட்டு உள்ளே கொண்டுபோனாள்.

கிண்ணம் ஆவி பறக்கத் திரும்பி வந்தது. பட்டை, சோம்பு. என் குருமாவின் அதே சோம்பு வாசனை. நான் கரண்டியை எடுத்தேன். காட்வின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"நீ ஏன் சும்மா உக்காந்திருக்க?"

"நீங்க அனுப்புங்க ஆன்ட்டி."

அதற்குள் நாதனுடைய போன் அடித்தது. திரையில் 'அம்மா' என்று இருந்தது. இவர்தான், என் போனிலிருந்து. *சாப்பிட்டியா? என்ன சாப்பிட்ட?*

உருளைக்கிழங்குத் தட்டை முன்னால் நகர்த்தினேன். சூப் கிண்ணம் தெரியாமல், தட்டை மட்டும் பார்த்துப் படம் எடுத்து அனுப்பினேன். காத்திருந்தோம். இவர் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடிக்கிறவர். சூப்பிலிருந்து ஆவி போய்க்கொண்டே இருந்தது. நாங்கள் தொடவில்லை.

பதில் வந்தது. சத்தமாக வாசித்தேன்.

"நல்லாச் சாப்பிடு."

பிறகு சாப்பிட்டோம். கறி என் நாக்குக்குப் புதுசு, முதல் வாய்க்குக் குமட்டிக்கொண்டுதான் வந்தது. இரண்டாவது வாய் இறங்கியது. ஊறிய ரொட்டியைத் தின்னத் தின்ன எனக்குப் பசிக்க ஆரம்பித்தது. கிண்ணத்தை வழித்துவிட்டு, உருளைக்கிழங்கையும் வீணாக்காமல் காலி பண்ணினேன்.

ஊருக்குப் போனதும் மதினியிடம் சொல்ல வேண்டும், இலையில் சொதி வேண்டாம். சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டு, குருமாவைத் தண்ணீராக ஊற்றி வைப்போம். பொடிசாக நானே பிய்க்கிறேன்.

காட்வினிடம் இன்னொரு ரொட்டி சொல்லச் சொன்னேன்.